தடித்த செரிஃப் எழுத்து: கடைப் பலகைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும்

"நல்லா தடிமனா, பழைய காலத்து எழுத்து மாதிரி போடுங்க" என்று டிடிபி கடையில் வந்து கேட்பவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் தடித்த செரிஃப் எழுத்துதான், அதாவது கோடுகளின் முனையில் சிறு பட்டை உள்ள தடித்த எழுத்து. நகைக்கடைப் பெயர், பட்டுச்சேலைப் பெட்டி, பள்ளிச் சான்றிதழின் தலைப்பு, செய்தித்தாளின் பெயர் என்று கண் பழகிய எழுத்து அது. கணினியில் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் போதும். அச்சிலும் பலகையிலும் நிற்க வைப்பதில்தான் வேலை இருக்கிறது. பார்ப்பவர் கண்ணில் படுவது தடித்த கோடு. வேலையைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் அதன் பக்கத்தில் இருக்கும் மெல்லிய கோடு. அந்த மயிரிழை எந்த அளவில், எந்தத் தாளில், எந்த முறையில் பிழைக்கும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

எழுத்தை அடையாளம் காண்பது

ஆங்கில 'எச்' எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு தண்டுகள், நடுவில் ஒரு குறுக்குக் கோடு, தண்டு முடியும் நான்கு இடங்களிலும் கால் பரப்பி நிற்கும் சிறு பட்டைகள். அந்தப் பட்டைதான் செரிஃப். அது தண்டோடு எப்படிச் சேர்கிறது என்பதை வைத்து வகையைச் சொல்லிவிடலாம்.

வளைந்து குழைந்து சேர்ந்தால் பழைய பாணி: கேஸ்லான், கௌடி போன்றவை. இவற்றில் ஆங்கில 'ஓ' எழுத்தின் தடித்த பகுதி சற்றுச் சாய்ந்திருக்கும். தடிமனுக்கும் மெல்லிசுக்கும் வேறுபாடு அளவோடு இருக்கும். சான்றிதழ், புத்தக அட்டை, கோயில் மலர் ஆகியவற்றுக்கு இதம்.

செரிஃப் ஒரு கத்தி வெட்டுப்போல நேராக, மயிரிழையாக நின்றால் அது போடோனி வகை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் பார்மாவில் போடோனியும் பாரிஸில் டிடோ குடும்பமும் வளர்த்த பாணி. இதையே மிகக் கொழுக்க வைத்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சுவரொட்டிக்காகச் செய்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் அப்ரில் ஃபேட்ஃபேஸ் அந்த வழியில் வந்தது. பிளேஃபேர் டிஸ்பிளேயின் பிளாக் தடிமனும் கிட்டத்தட்ட அந்தத் தோற்றத்தைத் தரும். ஆரணிப் பட்டுக்கும் நகைக்கும் எடுப்பாக இருக்கும். அதே அளவுக்கு ஆபத்தும் உண்டு.

செரிஃப் தண்டுக்கு இணையாகக் கனத்து, சேருமிடம் வளைந்திருந்தால் கிளாரெண்டன் வகை. 1845இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லியின் எழுத்து வார்ப்பகம் வெளியிட்டது. அகராதியில் தலைச்சொல்லைத் தடித்துக் காட்டும் பழக்கம் இந்த எழுத்தோடுதான் வேரூன்றியது. மெல்லிய கோடு அவ்வளவு மெல்லியதாக இல்லாததால் இது எதையும் தாங்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பொருள் ஏற்றுமதிக்குப் போகும் நெளிவு அட்டைப் பெட்டிகளில் ரப்பர் பிளேட் அழுத்தத்தில் மை பிதுங்கும். அங்கே போடோனி போட்டால் செரிஃப் உருண்டு அழுக்குப்போலத் தெரியும். கிளாரெண்டன் அப்படியே நிற்கும்.

டைம்ஸ் போல்டு இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. 1932இல் லண்டன் நாளிதழுக்காகச் செய்த குடும்பம்; குறைந்த இடத்தில் நிறையச் சொற்கள் அடங்கக் குறுக்கி வரைந்தது. அடக்கமான தலைப்புக்குச் சரி. பத்தடி அகலப் பலகையில் பெரிதாக்கினால் இறுகிப்போய்த் தெரியும்.

மயிரிழையை அளப்பது

தேர்ந்தெடுத்த எழுத்தில் 'எச்' ஒன்றை 400 பாயின்ட் அளவில் ஏ4 தாளில் அச்சிடுங்கள். குறுக்குக் கோட்டின் கனத்தை மில்லிமீட்டரில் அளந்து, 0.35 ஆல் வகுத்தால் பாயின்ட் கிடைக்கும். உதாரணமாக 2.8 மிமீ என்றால் 8 பாயின்ட். அதாவது எழுத்தின் அளவில் 2 சதவீதம்.

ஒவ்வொரு அச்சு முறைக்கும் தாங்கும் எல்லை இருக்கிறது. பூச்சுள்ள ஆர்ட் தாளில், ஆஃப்செட்டில், ஒரே நிறத்தில் 0.25 பாயின்ட் கோடு வரை நிற்கும். நிறத்தின் நடுவே வெள்ளையாக விடும் ரிவர்ஸ் எழுத்துக்கு 0.5 பாயின்ட் வேண்டும். அந்த நிறம் நான்கு வண்ணக் கலவை என்றால் 1 பாயின்டுக்குக் குறையக் கூடாது. ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கும் 0.75 முதல் 1 பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையை 2 சதவீதத்தால் வகுத்தால், மேலே அளந்த எழுத்தைக் கறுப்பில் 12.5 பாயின்டுக்குக் கீழே போடக் கூடாது, ரிவர்ஸில் 25க்குக் கீழே கூடாது, நான்கு வண்ணப் பின்னணியில் 50க்குக் கீழே கூடாது என்று கணக்கு வந்துவிடும். பத்திரிகையின் அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரியை மெரூன் பின்னணியில் 14 பாயின்ட் போடோனியில் வெள்ளையாக விட்டால் ஏன் எழுத்து துண்டு துண்டாக வருகிறது என்பதற்கு விடை இதுதான்: நான்கு பிளேட்டில் ஒன்று தலைமுடி அளவு நகர்ந்தாலும் அந்த நிறம் மயிரிழையை மூடிவிடும்.

பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் மை ஊறிப் பரவும். கறுப்பு எழுத்தின் மெல்லிய கோடு அதில் சற்றுத் தடித்து வரும், அதனால் உடையாது. ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபடும். எனவே 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோவில் அடிக்கும் நோட்டீசுக்கு ஒரு படி தடிமன் குறைத்துப் போடுவது நல்லது. எக்ஸ்ட்ரா போல்டு இருந்த இடத்தில் போல்டு.

பொத்தானில் வரும் போல்டு

சில எழுத்துருக்களுக்குத் தடித்த வடிவமே இல்லை. டீரோ தமிழ் அப்படிப்பட்டது: நேரும் சாய்வும் மட்டும்தான். அதில் போல்டுக்கான 'பி' பொத்தானை அழுத்தினால் மென்பொருள் எழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவு கோட்டைச் சேர்த்துத் தடிப்பாக்கும். தண்டு 10, மயிரிழை 2 என்று இருந்த எழுத்தில் இரண்டிரண்டு சேர்ந்தால் 12, 4 ஆகிறது. ஐந்துக்கு ஒன்று என்றிருந்த வேறுபாடு மூன்றுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். செரிஃப் முனை மழுங்கும், சுழிகள் அடைபடும். கோரல்டிராவில் அவுட்லைன் கனத்தைக் கூட்டிப் போல்டு செய்வதும் இதே தவறுதான். எழுத்துருப் பட்டியலில் தனியாகப் போல்டு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எழுத்தைத் தடிக்க வைக்காதீர்கள்; அளவைக் கூட்டிப் போடுங்கள், அதுவே கம்பீரமாக இருக்கும்.

தமிழோடு சேர்க்கும்போது

இங்கேதான் நிதானம் வேண்டும். ரோமன் பெரிய எழுத்து கல்லில் உளியால் வெட்டிய வடிவத்திலிருந்து வந்தது. தமிழ் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் ஒரே கனத்தில் இழுத்து வளர்ந்தது. தமிழுக்குச் செரிஃப் என்று ஒன்று இயல்பில் கிடையாது. உலோக அச்சுக் காலத்தில் தடித்த, மெல்லிய கோடுகளின் வேறுபாடு மட்டும் சேர்ந்தது. ஆகவே ஆங்கிலச் செரிஃப் எழுத்துக்குத் துணையாகத் தமிழில் தேட வேண்டியது கால் பட்டையை அல்ல, அந்தத் தடிமன் வேறுபாட்டை. 'ப', 'ம' எழுத்துகளின் முனையில் பட்டையை ஒட்டவைத்த அலங்கார எழுத்துருக்கள் கிடைக்கின்றன. இரண்டு சொல்லுக்கு மேல் படிக்க முடியாது.

நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் 100 முதல் 900 வரை எண்ணிட்ட ஒன்பது தடிமன்கள் உண்டு. விலையில்லாதது, யூனிகோடு. ஆங்கில நோட்டோ செரிஃபும் அதே ஒன்பது படிகளில் கிடைப்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பொருத்த வசதி. ஆனால் இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டு விட்டுவிடாதீர்கள். தமிழ்ச் சொல்லில் சுழியும் மடிப்பும் கூடுதல். ஒரே தடிமனில் தமிழ் வரி கறுத்துத் தெரியும். ஆங்கிலம் 700 என்றால் தமிழை 600இல் வைத்து, வரியை அச்சிட்டு, ஆறடி தள்ளிக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டு வரியும் ஒரே சாம்பல் பட்டையாகத் தெரிந்தால் பொருந்திவிட்டது.

அளவும் அப்படியே. இரண்டுக்கும் 24 பாயின்ட் போட்டால் இரண்டும் ஒரே உயரம் ஆகிவிடாது. தமிழ் 'ப'வின் உயரம் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தில் முக்கால் முதல் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும்படி வைத்தால் வாசிக்கும்போது ஏற்ற இறக்கம் தெரியாது. வரிகளுக்கு நடுவே தமிழுக்குத் தாராளமாக இடம் விடுங்கள்: 12 பாயின்ட் தடித்த தமிழுக்கு 17 அல்லது 18 பாயின்ட் வரி இடைவெளி. மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொண்டால் கீழ்வரியில் புள்ளி காணாமல் போகும்.

தடிமன் கூடும்போது தமிழில் முதலில் அழிவது சிறு சுழிகள். 'மி'க்கும் 'மீ'க்கும் உள்ள வேறுபாடு மேலே இருக்கும் ஒரு சிறு சுழி மட்டுமே. அது அடைபட்டால் மீன் கடை மின் கடையாகிவிடும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அப்படித்தான்: 'சேலை' என்பது தூரத்தில் 'செலை' ஆகும். 'ஒ'–'ஓ', 'எ'–'ஏ' ஆகிய இரண்டு ஜோடிகளும் இந்தப் பட்டியலில் சேரும். எனவே ஒரு தடித்த தமிழ் எழுத்துருவை வாங்குவதற்கு, இறக்குவதற்கு முன்னால் இந்தச் சோதனை வரியைப் போடுங்கள்:

மின் மீன் செலை சேலை ஒடு ஓடு ணு னூ ழூ ஞ் ஐ ஊ ஸ்ரீ

வேலைக்குத் தேவையான அளவிலேயே அச்சிட்டு, அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்து, நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஏதாவது ஒரு ஜோடி ஒன்றுபோலத் தெரிந்தால் ஒரு படி தடிமன் குறையுங்கள். 'ஸ்ரீ' மட்டும் அடைபட்டால் அந்த ஒரு எழுத்தை மட்டும் தடிமன் குறைத்துப் போடலாம். பத்திரிகையின் உச்சியில் தனியாக நிற்பதால் வித்தியாசம் தெரியாது.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும் வழக்கத்தை ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தடித்த செரிஃப் பெரிய எழுத்துகளுக்கு 2 முதல் 5 சதவீதம் இடைவெளி கூட்டினால் மூச்சு வரும். தமிழில் அதையே செய்தால் பல மென்பொருள்களில் கொம்பும் காலும் மெய்யை விட்டுப் பிரிந்து நிற்கும். 'தோ' மூன்று துண்டாகும்.

கடைப் பலகை: ஒரு கணக்கு

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். வேலூரில் மூன்றாவது மொழி வெறும் சட்ட வாசகமல்ல. சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருவதால் ஐடா ஸ்கட்டர் சாலை, காந்தி சாலைப் பக்கம் மருந்துக் கடைக்கும் லாட்ஜுக்கும் வங்காள வரி உண்மையிலேயே தேவைப்படுகிறது.

ஒரு மருந்தகத்துக்கு 10 அடி அகலம், 4 அடி உயரப் பலகை என்று வைத்துக்கொள்வோம். உயரம் 48 அங்குலம். மேலும் கீழும் 5 அங்குலம் ஓரம் விட்டால் 38. இரண்டு இடைவெளிக்கு 4 வீதம் 8 போக, எழுத்துக்கு 30 அங்குலம் மிஞ்சும். தமிழுக்கு 15, ஆங்கிலத்துக்கு 9, வங்காளத்துக்கு 6. தமிழின் 15 அங்குலத்தைப் புள்ளியின் உச்சியிலிருந்து 'ரு'வின் அடிவரை அளக்க வேண்டும். அதனால் 'த'வின் உடல் 9, 10 அங்குலம்தான் இருக்கும். ஓரத்தை 2 அங்குலமாகக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கும் ஆசை வரும். வேண்டாம். தடித்த எழுத்தைச் சுற்றி வெற்றிடம் இருந்தால்தான் அது தடித்ததாகத் தெரியும். பலகை முழுக்க அடைத்தால் எல்லாம் ஒரே இருட்டு.

ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து வசதியாக வாசிக்கலாம் என்பது பலகைத் தொழிலின் பொதுக் கணக்கு. 9 அங்குல ஆங்கிலம் 90 அடிக்குப் போதும். நெரிசலான பஜாரில் எதிர்ச்சாரியிலிருந்து பார்க்க இது தாராளம். ஆனால் பெங்களூர் – சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய பலகைக்கு இந்தக் கணக்கு பத்தாது. அங்கே மயிரிழை உள்ள எழுத்தையே விட்டுவிட்டுக் கிளாரெண்டன் வகைக்குப் போங்கள்.

வங்காள எழுத்துக்குத் தலைக்கோடு உண்டு. தடிமன் கூடினால் அந்தக் கோடு பட்டையாகி எழுத்தை அமுக்கிவிடும். நோட்டோ செரிஃப் பெங்காலியில் 600ஐத் தாண்ட வேண்டாம்.

ஃப்ளெக்ஸ் அச்சு என்றால் உண்மை அளவில் 72 முதல் 100 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) போதும், எழுத்தைப் படமாக்காமல் வெக்டராகவே, அதாவது கோட்டு வடிவமாகவே விட வேண்டும். வினைல் வெட்டி ஒட்டுவதானால் 3 மிமீக்குக் குறைந்த எந்தப் பகுதியும் கூடாது. வேலூர் வெயிலில் வினைல் சுருங்கும்போது முதலில் தூக்குவது செரிஃபின் கூரிய முனைதான். முனைகளை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒட்டு நிற்கும். சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். மேற்கு வெயில் விழும் பலகைக்கு அடர் நீலமோ கறுப்போ நல்லது.

உள்ளே விளக்கு வைத்த அக்ரிலிக் எழுத்தில் இன்னொரு சிக்கல். மேலே சொன்ன 9 அங்குல ஆங்கில எழுத்தை, பாயின்ட் அளவில் (உயரத்தில் அல்ல) 2 சதவீத மயிரிழை உள்ள வகையில் செய்தால், தண்டு ஏறக்குறைய 5 செமீ வரும், மயிரிழை ஆறரை மிமீதான் வரும். எல்இடி மாட்யூல் தண்டுக்குள் உட்காரும், மயிரிழைக்குள் நுழையாது. இரவில் ஆங்கில 'ஓ' எழுத்தின் தலையும் அடியும் இருண்டு இரண்டு அடைப்புக்குறிபோல நிற்கும். போடோனிதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் விரும்பினால் முன்பக்கம் உலோகத் தகடு வைத்து, ஒளியைப் பின்சுவரில் விழச் செய்யுங்கள்.

கல்யாணப் பத்திரிகை

மணமக்கள் பெயருக்கு மட்டும் தடித்த எழுத்து. பெற்றோர் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் ஆகியவை சாதாரணத் தடிமனில் இருக்கட்டும். எல்லா உறவினர் பெயரையும் தடிக்க வைத்தால் மணமக்கள் கூட்டத்தில் தொலைந்துபோவார்கள். பெயர் 26, மற்றவை 13 பாயின்ட் என்பது நல்ல தொடக்கம்.

தங்க ஃபாயிலுக்குப் பரப்பு சொரசொரப்பான அட்டை எடுத்தால் ஃபாயில் பள்ளத்துக்குள் இறங்காது; மயிரிழை இடையிடையே விட்டுப்போகும். வழவழப்பான 250 முதல் 300 ஜிஎஸ்எம் அட்டை எடுங்கள், ஒரு பாயின்டுக்கு மேற்பட்ட கோடுகளாகப் பாருங்கள். வெல்வெட், துணி ஒட்டிய அட்டைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங். மெஷ் எண் (திரைத் துணியின் இழை நெருக்கம்) கூடக் கூட மெல்லிய கோடு நிற்கும். படியும் மையின் கனம் குறையும். எடுப்பாகத் தெரிய வேண்டிய தங்க மைக்கு நடுத்தர மெஷ்ஷும் கிளாரெண்டன் வகையும் ஒத்துப்போகும்.

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துப் பத்திரிகைகளில் உருதுவும் சேரும். நஸ்தலீக் எழுத்து மேலிருந்து கீழாகச் சரிந்து போவது; அதைத் தடிக்க வைக்கவே கூடாது. அளவை ஒன்றரை மடங்காக்கி, வரிக்கு இரட்டிப்பு உயரம் கொடுத்தால் பக்கத்துத் தடித்த ஆங்கிலத்துக்கு ஈடாக நிற்கும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது

முதலில் புரூஃப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகே எழுத்தைக் கர்வ்ஸ் ஆக்க வேண்டும், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்ற வேண்டும். ஆக்கிவிட்டால் தட்டச்சுப் பிழையைத் திருத்த முடியாது. கர்வ்ஸ் ஆக்காத கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேறு எழுத்து வந்து உட்காரும். பேஜ்மேக்கர் காலத்துப் பழைய எழுத்துருவில் அடித்த மேட்டர் என்றால் கட்டம் கட்டமாக அல்லது பொருளற்ற ஆங்கில எழுத்தாக வரும்.

கறுப்பு எழுத்துக்குக் கறுப்பு மை 100 சதவீதம் மட்டும் வையுங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால் செரிஃபைச் சுற்றி நீலமோ சிவப்போ நிழல் கட்டும். கோப்பை வேறொரு மென்பொருளிலிருந்து கொண்டுவந்தால் இது தானாகவே மாறியிருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

வினைல் வெட்டுக்கு அனுப்பும் கோப்பில் இன்னொரு வேலை பாக்கி இருக்கும். சில தமிழ் எழுத்துருக்களில் காலும் உடலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். திரையில் தெரியாது, வினைல் வெட்டும் பிளாட்டரின் கத்தி அந்த இடத்தில் குறுக்கே வெட்டி எழுத்தை இரண்டாக்கிவிடும். கர்வ்ஸ் ஆக்கியதும் வெளிக்கோடு மட்டும் தெரியும் வயர்ஃபிரேம் பார்வையில் திறந்து, கோடு கோட்டைக் கடக்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை ஒன்றாக்கும் வெல்டு கட்டளை கொடுத்த பிறகு அனுப்புங்கள்.